கோடு போட்ட ஐந்து பெயர்கள்

மகனே,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் உன் வீட்டில் யார் எடுத்துப் படித்தாலும், சபையில் யார் கைக்குப் போனாலும் எனக்கு மறுப்பில்லை. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் வரிக்கு வரி இடம் விட்டு, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். போன ஞாயிறு நவி மும்பை கோபர்கைரனேயிலிருந்து நீ போனில் கேட்டது இரண்டு விஷயங்கள். தாராவியில் நம் சபையின் மாடியில் புதிதாகக் கட்டிய சிறு கூடத்துக்கு ஆச்சியின் பெயரை வைக்கிறார்கள்; திறப்பு நாளில் பேரன் என்ற முறையில் நீ ஐந்து நிமிடம் பேச வேண்டும், அதற்கு நான் குறிப்பு எழுதித் தர வேண்டும். இது ஒன்று. கூடத்தின் வாசலில் பதிக்கிற கல்லில் பெயருக்குக் கீழே ஒரு வரி வேண்டும், 'ஒரு வீட்டையும் மறவாதவர்' என்று போதகர் எழுதித் தந்திருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் கல் வெட்டுகிறவரிடம் கொடுக்க வேண்டும், சரிதானே அப்பா என்றாய். இது மற்றொன்று. நான் "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். எதைக் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன் என்று நீ சிரித்தாய். அது உண்மைதான். ஆனால் இந்த முறை நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரி சரியா, தவறா என்று சொல்லக்கூடியவன் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

முதலில் நீ கேட்ட குறிப்பு. உன் ஆச்சி கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. தாத்தாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. ஒரே அறை, அதன் மூலையில் குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஒரு மோரி, மேலே சாமான் போட ஒரு பரண். அந்த அறையில்தான் நான் பிறந்தேன், படித்தேன். சபையில் அவளுக்கு எந்தப் பதவியும் கிடையாது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் பெண்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லும்போது அவள் ஒரு நோட்டில் பெயரை எழுதிக்கொள்வாள். எழுதிக்கொள்கிறவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். ஆச்சி அந்த வாரத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்பதுதான் வித்தியாசம். ஏன் இப்படி அலைகிறாய் என்று நான் கல்லூரி நாட்களில் ஒருமுறை கேட்டேன். "மொகத்தப் பாக்காம பேர மட்டும் வாசிச்சா அது ஜெபம் இல்லல, ஆஜர் எடுக்குறது" என்றாள். அவளுடைய இறையியல் மொத்தமும் எனக்குத் தெரிந்து அவ்வளவுதான். பேசும்போது இதை நீ சொல்லலாம், மக்கள் சிரிப்பார்கள்.

நோட்டில் எழுத ஆள் சபைக்காரராக இருக்க வேண்டும் என்று அவள் பார்க்கவில்லை. முருகன் படத்துக்கு முன் விளக்கேற்றுகிறவர்கள் இருந்தார்கள், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து ஹிந்தி தெரியாமல் தவிக்கிற பெண்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். காலை ஐந்தரைக்கே போய், கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்பாள். அவளுடைய ஹிந்தி ஒரு தனி ரகம். நின்றுகொண்டே அவசரமாக எழுதிய ஒரு டாக்டரிடம், "தும் பைட்டோ, ஆராம் ஸே லிக்கோ" என்றாளாம், நீ உட்காரு, நிதானமாக எழுது என்று. அவரும் உட்கார்ந்துவிட்டாராம். ஜெபமும் அதே மாதிரிதான், சுற்றி வளைப்பது கிடையாது. "ஆண்டவரே, இவளுக்கு முட்டு வலி. ஒமக்குத் தெரியும். நானும் சொல்லிட்டேன். ஆமென்." மற்றவர்கள் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை அவள் மூன்று வாக்கியத்தில் கேட்டுவிட்டு எழுந்து அரிசி களையப் போய்விடுவாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பமாக உட்காரும்போது, "இந்த வருசம் நீ வாய்விட்டு ஜெபம் பண்ணுல" என்று என்னைக் கேட்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு வருடமும் செய்ததில்லை. நாலு பேருக்கு முன்னால் என் குரலை நானே கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். அது கூச்சம்தானா, நம்பிக்கைக் குறைவா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். நான் வேலை பார்த்தது செம்பூரைத் தாண்டிய ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையில் என்பது உனக்குத் தெரியும். எந்திரங்களின் வரைபடங்களை எண் போட்டு அடுக்கி, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பது. அந்த வேலையின் அடிப்படை விதி ஒன்றே ஒன்று. ஒரு வரைபடத்தைத் திருத்திப் புதுப் படி வந்துவிட்டால், பழைய படியைத் தேடிப் பிடித்து அழித்துவிட வேண்டும். இரண்டும் இருந்தால் யாராவது பழையதைப் பார்த்துத் துளை போட்டுவிடுவார்கள். இன்னொன்று, ஒரு வரியின்மேல் கோடு இழுத்திருந்தால் அது ரத்து. முப்பத்தைந்து வருடம் இந்த இரண்டையும் நான் தவறவிட்டதில்லை. அதற்காக ஓய்வு பெற்ற அன்று ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். அது ஓடிக்கொண்டிருக்கிறது.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது ஆச்சிக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு இரண்டு வாரம் செம்பூரில் நம் வீட்டில் இருந்தாள். அப்போது அவள் பையிலிருந்த அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கு வேதனையாக இருந்தது. பென்சில், நீல மை, சிவப்பு மை எல்லாம் கலந்த பொடி எழுத்து. இரண்டு பெயர்களுக்கு நடுவே மூன்றாவது பெயரைத் திணித்திருந்தாள். வீட்டு எண் கிடையாது, 'பைக்கடைக்கு எதிர்த்தாப்ல', 'தண்ணிப் பைப்பு தாண்டி' என்று அடையாளங்கள். எண்ணெய்க் கறை. ஓரத்தில் 'உப்பு வாங்கியாச்சு' என்றெல்லாம் எழுதியிருந்தாள். அறுவைக்குப் பிறகு இதை இவள் எப்படிப் படிப்பாள் என்று நினைத்தேன். கெட்டி அட்டை போட்ட ஒரு நல்ல பதிவேடு வாங்கி, ஒன்பது நாள் மாலையில் உட்கார்ந்து, எல்லாப் பெயர்களையும் அகர வரிசையில், பெரிய எழுத்தில், படிவம் மாதிரி எழுதினேன். பழைய நோட்டில் ஐந்து பெயர்கள்மேல் கோடு இழுத்திருந்தது. ரத்து என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். பிறகு பழைய நோட்டை நாலாகக் கிழித்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். யாரும் சொல்லி நான் இதைச் செய்யவில்லை. அன்பினால் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழுக்கான பட்டியலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது என்பதும் ஒரு காரணம்.

கட்டு அவிழ்த்த அன்று பதிவேட்டை அவள் மடியில் வைத்தேன். கையால் அட்டையைத் தடவினாள். பக்கத்தைத் திருப்பி, "அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பழச எங்கல?" என்றாள்.

"இனி அது தேவையில்லம்மா. கிழிச்சுப் போட்டாச்சு. ரெண்டும் இருந்தா குழப்பம்."

ஆச்சி பதிவேட்டை மூடினாள். உன் அம்மா அடுப்பில் வைத்த பால் பொங்கும் சத்தம் கேட்டது. பிறகு "சரி" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லை நான் நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். மகனே, யாருக்காவது நீ ஏதாவது செய்து கொடுத்து, அவர்கள் 'சரி' என்று மட்டும் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து என்ன சரியில்லை என்று கேள். நான் கேட்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை மதியங்களில் நான் தாராவிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். பதிவேட்டைக் கொடுத்து ஆறு வாரம் இருக்கும், ஏழாகவும் இருக்கலாம், எனக்கு இப்போது உறுதியில்லை. சந்து முனையில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்த காசிம் பாய் என்னைக் கூப்பிட்டார். கீழக்கரைப் பக்கத்துக்காரர், நல்ல கேலிக்காரர்.

"என்ன சார், பெரியம்மாவுக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரா?"

"இல்லையே, ஏன்?"

"இன்னிக்குக் காலைல மட்டும் நாலு தடவ என் கடையத் தாண்டிட்டாங்க. அங்கிட்டு ஒரு வாட்டி, இங்கிட்டு ஒரு வாட்டி. மொதத் தடவ சலாம் சொன்னேன். ரெண்டாந் தடவையும் சொன்னேன். மூணாவது தடவ எனக்கே வெக்கமாயிருச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டேன். என்ன, எலெக்‌ஷன்ல நிக்கிறாங்களா?" சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும் சார். முன்னெல்லாம் வாரம் ஒருக்க உள்ள வந்து ரெண்டு நிமிசம் உக்காருவாங்க. இப்ப வெளியவே போயிர்றாங்க. நாங்க ஏதும் தப்பாப் பேசிட்டமா?"

நான் அறைக்குப் போனபோது ஆச்சி காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. பதிவேடு பக்கத்தில் இருந்தது. ஏன் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாய் என்று கேட்டேன். என் எழுத்தைக் காட்டினாள். அன்னத்தாய் மெயின் ரோட்டுப் பக்கம். ஆரோக்கியம் அந்தக் கோடியில். இசக்கியம்மாள் மறுபடி மெயின் ரோடு. நான் எழுதிய வரிசையிலேயே அவள் ஆறு வாரமாக நடந்துகொண்டிருந்தாள். பழைய நோட்டில் குழப்பமாகத் தெரிந்தது வேறொன்றுமில்லை, நடக்கிற வழி. முதல் பக்கத்தில் வீட்டை விட்டு இறங்கினால் கடைசிப் பக்கத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். இடையில் திணித்த பெயர் இரண்டு வீட்டுக்கு இடையிலிருந்த வீடு.

"அம்மா, இப்படி வரிசை மாறியிருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீ படிச்ச பிள்ள. இப்படி எழுதியிருக்கன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

இதை அவள் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்புறம்தான் காசிம் பாய் சொன்னதைச் சொன்னேன். அவர் பெயரை எடுத்துப் பார்க்கப் பதிவேட்டைப் புரட்டினேன், இல்லை. பழைய நோட்டில் அது கோடு போட்ட ஐந்தில் ஒன்று என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கோட்டின் அர்த்தத்தை ஆச்சி சொன்னாள். கூட்டத்தில் எப்போதாவது அவளுக்குத் தொண்டை கட்டினால் வேறு யாராவது நோட்டை வாங்கிப் பெயர்களை வாசிப்பார்கள். கோடு போட்டிருந்தால் ரத்து என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வெளியே தெரியக்கூடாத கஷ்டம் உள்ளவர்களுக்கு அவள் கோடு போட்டாள். காசிம் பாயின் மகளுக்கு வலிப்பு, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது (பிறகு அவர்களே இதை வெளியே சொல்லிவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்). சத்தமாக வாசிக்கக்கூடாது, ஆனால் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். நோட்டிலேயே முக்கியமான பெயர்கள் அந்த ஐந்தும். நோட்டை வாங்கி வாசிக்கிறவர்களுக்காகப் போட்ட கோட்டில் கடைசியில் ஏமாந்தது நான். "சரி, அந்த அஞ்சு பேரையும் சொல்லு, இப்பவே எழுதிருவோம்" என்றேன். விரலை மடக்கினாள். காசிம் பாய். தண்ணிப் பைப்பு அந்தோணி. இன்னும் இரண்டு பெயர்கள். காசிம் பாயைத் தவிர மற்ற மூன்று பேரை எப்படியோ வழியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். நாலு விரல் மடங்கியது. கட்டைவிரல் மடங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு மறதி வந்துட்டுல" என்றாள். "ரெண்டு வருசமா. அதாம் எல்லாத்தையும் எழுதி வச்சேன்."

உப்பு வாங்கியாச்சு என்று ஏன் எழுதினாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மறதி வந்ததை எங்கள் எல்லோரிடமும் மறைத்து, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதைச் சமாளித்திருக்கிறாள். ஒவ்வொரு முனையிலும் நின்று, பக்கத்தைப் பார்த்து, அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் யோசித்தேன். நானும்தான் அந்தப் பெயரைப் படித்தவன். எத்தனையோ ஆயிரம் வரைபட எண்களை நினைவில் வைத்திருந்தவன். பக்கத்தின் கீழ்ப் பாதி, எண்ணெய்க் கறைக்குப் பக்கம் என்று இடம் நினைவிருந்தது. பெயர் வரவில்லை. ரத்தானதைப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

கடைசியில் அவள்தான் எழுந்தாள். "வா, நடந்து பாப்போம். காலுக்குத் தெரியும்" என்றாள். வீங்கிய காலோடு, பழைய வரிசையில், முதல் வீட்டிலிருந்து தொடங்கினோம். மதியம் மூன்று மணி வெயில். ஒவ்வொரு முனையிலும் நின்றாள். நான் பின்னால் குடையோடு நின்றேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய் தாண்டி, பைக்கடைகள் தாண்டி, ஒரு திறந்த இடத்தில் கூடைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் அப்பளம் காயப்போட்டிருந்தார்கள். அங்கே நின்றாள். இடது பக்கம் திரும்பினாள். மாடி அறைக்குப் போகிற செங்குத்தான இரும்பு ஏணி. "இங்கன ஏறணும்" என்றாள். கையை ஏணியில் வைத்த பிறகு பெயரும் வந்துவிட்டது. "சம்முவக்கனி."

சண்முகக்கனி வீட்டில் அப்பளம் தேய்த்துக் கொடுக்கிற பெண். அப்போது நாற்பது வயது இருக்கும். அவளுக்கு டிபி. தெரிந்தால் மாவு கொடுக்கிறவர்கள் மாவை நிறுத்திவிடுவார்கள், மாமியார் ஊருக்கு அனுப்பிவிடுவாள். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஆச்சி ஏணிக்குக் கீழே நின்று, "ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லுவாள். முருகனைக் கும்பிடுகிற மாமியாருக்கு அது பிடிக்காவிட்டாலும் ஆச்சியிடம் மறுத்துப் பேசமாட்டாள். இரண்டு பேரும் சர்க்கார் மருந்தகத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார்கள். பொய்தான். அந்தப் பொய்க்கு ஆச்சி தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாளாம், மூன்று வாக்கியத்தில். ஆச்சி வந்து கூப்பிடாவிட்டால் சண்முகக்கனிக்கு வீட்டைவிட்டு இறங்க வழியில்லை. மூன்று முறை மாத்திரை தவறிப்போயிருந்தது.

அன்று சண்முகக்கனியே ஏணிக்கு மேலே வந்து நின்றாள். மாமியார் எங்கோ போயிருந்தாள். மூச்சு வாங்கியது. கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"மதினி, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்றாள்.

"நீ ஒண்ணும் பண்ணலட்டி."

"பொறவு ஏன் வரல? யார்ட்டயாவது சொல்லிட்டீகளோ, அருவருப்பு வந்துட்டோன்னு…"

"நாந்தாம் மறந்துட்டேன்" என்றாள் ஆச்சி. "வயசாயிட்டுல்லா. ஒன்னைய மறந்துட்டேன். எந்தி, சேலைய மாத்து, இப்பவே போவோம்."

நான் ஏணிக்குக் கீழே, குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். "அவங்க மறக்கல, நான்தான் உங்க பேரை விட்டுட்டேன்" என்று சொல்ல அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

சண்முகக்கனிக்கு மருத்துவத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று, இந்த முறை ஊசியோடு. நடுவில் ஏன் விட்டாய் என்று மருந்தகத்தில் அவளைத்தான் திட்டினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் மூச்சு பழையபடி வரவில்லை. பலகை முன்னால் குனிந்து அப்பளம் தேய்க்க முடியவில்லை. அவள் மகள் முத்துச்செல்வி ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுப் பலகை முன் உட்கார்ந்தாள். மாத்திரை தவறாமல் இருந்திருந்தாலும் நோய் அப்படித்தான் போயிருக்குமோ என்று நான் பல வருடம் எனக்குள் வாதாடியிருக்கிறேன். இருக்கலாம். எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை, இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

அடுத்த புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன், ஏதாவது சொல்லலாம் என்று. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆச்சி எழுந்து நின்று, நான் எழுதிய பதிவேட்டை முன்னால் மேசையில் வைத்தாள். "எனக்கு மறதி வந்துட்டு. ஒரு வீட்டுக்குப் போகாம விட்டுட்டேன். இனி இத நீங்க பிரிச்சுக்கிடுங்க" என்றாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு வயசாயிட்டு, பாவம், எவ்வளவு நடந்தாச்சு என்று அன்பாகப் பேசினார்கள். பதிவேட்டின் எழுத்து எவ்வளவு அழகு என்று ஒருத்தி சொன்னாள். வீடுகளைப் பிரித்துக்கொண்டு அவளுக்கு எட்டு வீட்டை விட்டார்கள். அதற்குப் பிறகு இருந்த பதினான்கு வருடமும் அந்த எட்டு வீட்டுக்குத்தான் போனாள். நானும் அன்று எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவள் மறைத்துவைத்த கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நல்ல காரணம்தான். கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது.

வீட்டுக்கு நடந்தபோது அவளிடம் மட்டும் கேட்டேன். "நான்தான் சொல்லியிருக்கணும். ஏன் நீ உன் மேல போட்டுக்கிட்ட?"

"சொல்லாம் சொல்லாம். ஒனக்கு எப்ப வாய் வருதோ அப்பச் சொல்லு" என்றாள். "ஆனா சொல்லிருல."

பிறகு அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வழக்கம்போல, இந்த வருசம் நீ ஜெபம் பண்ணுல என்பாள். எனக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

இப்போது அந்தக் கல்லுக்கு வருகிறேன். உன்னுடைய அழைப்பு முத்துச்செல்விக்கும் போயிருக்கிறது. இப்போது உல்லாஸ்நகரில் இருக்கிறாள், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் கூடத்தின் வாசலில் நின்று 'ஒரு வீட்டையும் மறவாதவர்' என்று படிப்பாள். மற்ற எல்லோரும் தலையாட்டுவார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், ஒரு வீட்டை மறந்தார்கள், அது எங்கள் வீடு என்று. நேற்று அவளுக்குப் போன் செய்தேன். எண்ணை ஒரு தாளில் எழுதி, பேச வேண்டியதையும் கீழே எழுதி வைத்துக்கொண்டுதான் செய்தேன். அவள் அம்மாவின் பெயரை விழாவில் சொல்லலாமா, நோயைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"அம்மா போயே எட்டு வருசம் ஆச்சு மாமா. இனி யாரு மாவ நிறுத்தப் போறா? சொல்லுங்க" என்றாள். பிறகு, "ஆச்சி மேல அம்மாவுக்குக் கோவம் கெடையாது. ஆனா ஒரு வருத்தம் மட்டும் கடைசி வரைக்கும் இருந்துச்சு. இத்தன பேர்ல என்னைய மட்டும் எப்படி மறந்தாகன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

தாளில் அடுத்த வரி எழுதியிருந்தது. போனில் அதை என்னால் படிக்க முடியவில்லை. "சரிம்மா, வாங்க" என்று வைத்துவிட்டேன். எழுபத்து நான்கு வயதில் இதுதான் நான்.

நீயும் என் மாதிரியே பட்டியல்களைச் சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறாய். விழாவுக்கான போன் குழுவில் பதில் வராத பதினோரு பேரை நீக்கிவிட்டேன் என்று நீ சொன்னபோது எனக்கு அந்த ஐந்து கோடுகள் நினைவுக்கு வந்தன, அதையும் நான் சொல்லவில்லை. அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார். ஏன் பதில் இல்லை என்று கேட்ட பிறகு நீக்கலாம். உனக்கு நான் தரக்கூடிய புத்திமதி இவ்வளவுதான், இதற்கும் நான் தகுதியானவனா என்று தெரியவில்லை.

கல்லில் அந்த வரியை மாற்ற வேண்டாம். நான்கு நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன், அது சரிதான். ஆச்சிக்கு மறதி இருந்தது. அதற்கு அவளே ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருந்தாள். அந்த ஏற்பாட்டை நாலாகக் கிழித்தவன் நான். அவள் எந்த வீட்டையும் மறக்கவில்லை. ஆனால் அதை நான் எழுந்து சொல்கிறவரை கல்லில் இருப்பது பொய்தான். ஆகவே வெள்ளிக்கிழமை தைரியமாக அந்த வரியைக் கொடு. உன் ஐந்து நிமிடத்தில் எனக்கு இரண்டு நிமிடம் போதும். ஆஜர் எடுப்பதைப் பற்றி அவள் சொன்னதை நீ சொல்லி, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, என்னைக் கூப்பிடு. ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கி வை. நான் எழுந்திருக்காவிட்டால் இன்னொரு முறை கூப்பிடு. அப்போதும் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், காத்திருக்காதே, இந்தக் கடிதத்தைப் பிரித்து நீயே வாசி. மெதுவாக வாசி. எழுத்துக் கூட்டி வாசித்தாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஒரு இடத்தில் மட்டும் தடுமாறாதே, அதற்கு வீட்டிலேயே நாலைந்து முறை பழகிக்கொண்டு போ. முன் வரிசையில் முத்துச்செல்வி இருப்பாள். அவள் அம்மாவின் பெயர் சண்முகக்கனி. அதைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்.

அப்பா